கோப்பைக்குக் கைதட்டியவன்

வந்த இருவரையும் டெஸ்மண்ட் விக்கர்ஸ் உட்காரச் சொல்லவில்லை.

அறையில் விருந்தாளிகளுக்கு இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவனுடைய கோட்டு. இன்னொன்றில் அவனுடைய கோல்ஃப் பை.

அசெனதா பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய உதவியாளன் உம்லேஷ் கோட்டின் மேலேயே உட்கார்ந்தான்.

"ரொம்ப சிம்பிளான கேஸ்," என்றான் விக்கர்ஸ். "அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்."

சூவாவில் துப்பறியும் தொழில் செய்பவர்கள் மூன்றே பேர். அதில் அசெனதாதான் மலிவு. இது உம்லேஷுக்குத் தெரியும். விக்கர்ஸுக்கும் தெரியும் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. அந்த முகம், இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முகம். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் ஃபிஜிக் கிளைக்கு அவன்தான் மேலாளர்.

"அமினியாசின்னு ஒருத்தன். ரொட்டி வண்டி ஓட்டினவன். வீட்டுக் கடனுக்காக எங்ககிட்ட ஆயுள் காப்பீடு எடுத்தான். பாலிசி கைக்குப் போன கொஞ்ச நாள்லயே மரம் ஏத்தின லாரி மோதி செத்துட்டான். பொண்டாட்டி க்ளெயிம் போட்டிருக்கா."

"லாரி மேல சந்தேகமா?" என்றாள் அசெனதா.

"ரத்தத்து மேல. எங்க மெடிக்கல் டெஸ்ட்ல அவன் ரத்தம் ஓ. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பார்த்தது பி. லாரி மோதினா ரத்தம் மாறுமா?"

"மாறாது சார், கொட்டும்," என்றான் உம்லேஷ்.

விக்கர்ஸ் அவனைப் பார்க்கவில்லை. "டெஸ்டுக்கு வந்தது அவன் இல்ல. வேற எவனையோ அனுப்பியிருக்கான். உடம்புல ஏதோ கோளாறு, மறைச்சிருக்கான். அத மட்டும் நிரூபிச்சு எழுதிக் கொடுங்க. திங்கட்கிழமை எனக்கு வேணும். சிட்னி ஹெட் ஆபீஸ் கேக்குது."

சிட்னி என்று சொல்லும்போது கோயிலைத் தாண்டிப் போகிறவன்போல் ஒரு நொடி கண்ணை மூடினான்.

"கிளினிக்ல கொராசோன்னு ஒரு நர்ஸ். அவளக் கேளுங்க. டெஸ்டுக்கு வந்தவன் கோப்பைய வாங்கும்போது என்ன கூத்து பண்ணான்னு சொல்லுவா. வேலை முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஷெட்டுல யகோனா குடிப்போம். வேணும்னா நீங்களும் வாங்க."

யகோனா, வேரை இடித்துக் கரைத்த, நாக்கை மரக்கவைக்கும் உள்ளூர் பானம். அழைத்தது மேலாளரின் பெருந்தன்மை. உம்லேஷ் எழுந்தபோது கோட்டு கசங்கியிருந்தது. அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

*

அசெனதாவின் கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். சாவியைத் திருப்பினால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஜப்பானியப் பெண் கோபமாக ஏதோ சொல்வாள். இத்தனை வருடங்களில் அவள் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"நர்ஸ் கிட்டத்தான?" என்றான் உம்லேஷ்.

"முதல்ல வீட்டுக்காரி."

"விக்கர்ஸ் நர்ஸுன்னு சொன்னானே மேடம்."

"அதனாலதான்."

அசெனதா போலீசில் இருந்த காலத்தில் மேலதிகாரிகள் காட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்துப் பழகியவள். அதனாலேயே போலீசில் இல்லை.

நௌசோரிப் பக்கம் ஒரு சரிவில் அமினியாசியின் வீடு. வீடு என்பது பாதிதான். கல் வைத்த சுவர் ஜன்னல் உயரம் வரை வந்து நின்றிருந்தது. அதற்கு மேல் நீலத் தார்ப்பாய். மழை அதன்மேல் கொட்டி ஒரு மூலையில் குளமாகத் தேங்கியிருந்தது. லிதியானா துடைப்பக்கட்டையால் அடியிலிருந்து குத்தி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். கறுப்பு உடை. விருந்தாளிகளைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"கம்பெனிலேருந்தா?"

"கம்பெனி அனுப்பின ஆளுங்க," என்றாள் அசெனதா. "கம்பெனி ஆளுங்க இல்ல."

"வித்தியாசம் என்ன?"

"சம்பளம் கம்மி," என்றான் உம்லேஷ்.

லிதியானா சிரிக்கவில்லை. ஆனால் பாய் விரித்தாள். எலுமிச்சை இலையைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். அவர்கள் ஏழாம் நாள் சபைக் கிறிஸ்தவர்கள். டீ, காபி கிடையாது. பன்றி கிடையாது. யகோனா கிடையவே கிடையாது.

"அவர் டெஸ்டுக்கே போகலன்னு சொல்றாங்களாம்," என்றாள். "ரெண்டு தடவை போனாரு. நானே கூடப் போனேன். ராத்திரி சாப்பிடாம, காலையில பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு, இங்க பக்கத்துல இருந்த டாக்டர்கிட்ட."

"ரெண்டு தடவை எதுக்கு?"

"முதல்ல எடுத்தது கெட்டுப்போச்சு, திரும்ப வாங்கன்னாங்க. திரும்பப் போனாரு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. மாசக்கணக்கா இல்ல. அவர் ஃபோன் பண்ணுவாரு, உங்க ஃபைல் பரிசீலனையில இருக்குன்னு ஒரு பொண்ணு சொல்லும். 'என் ரத்தம் என்ன அவ்ளோ கஷ்டமான பாஷையிலயா இருக்கு, படிக்க இத்தனை நாள் ஆகுது?'ன்னு கேட்டு சிரிப்பாரு. அப்புறம் திடீர்னு பாலிசி வந்துச்சு."

"அந்த டாக்டர் எங்க?"

"நியூசிலாந்து போயிட்டாரு."

"எல்லாரும் அங்கதான் போறாங்க," என்றான் உம்லேஷ். "ஒருநாள் நாடே போயிடும், நான் மட்டும் லைட் அணைக்கணும்."

அசெனதா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "க்ளெயிம் வரலன்னா?"

"பேங்க் எடுத்துக்கும். செவ்வாய்க்கிழமை வராங்க." லிதியானா குரலை உயர்த்தவில்லை. "வீடு போனா போகட்டும், தார்ப்பாய் எங்க கட்டினாலும் தார்ப்பாய்தான். பசங்க கேட்டுட்டாங்க. ஸ்கூல்ல யாரோ சொல்லியிருக்கான், உங்கப்பா ஆள் மாறாட்டம் பண்ணி மாட்டிக்கிட்டாராமேன்னு. பெரியவன் ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. நம்பலாமா வேணாமான்னு பாக்கறான்."

தார்ப்பாயில் மறுபடி குளம் கட்டியது. உம்லேஷ் எழுந்து துடைப்பத்தை எடுத்துக் குத்தினான். தண்ணீர் முழுவதும் அவன் தலையில்தான் விழுந்தது. அப்போது மட்டும் லிதியானா கொஞ்சம் சிரித்தாள்.

*

கிளினிக் சூவாவில், மருந்துக்கடைக்கு மேலே. கொராசோன் மணிலாவிலிருந்து வந்தவள். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக ஊசி போடுவாள் என்று பெயர்.

"அமினியாசியா? முகம் நெனவில்ல. ஒரு நாளைக்கு எத்தன பேரு! நான் சேர்ந்த புதுசு வேற. கம்பெனி ஃபோன் பண்ணும், இந்தப் பேர்ல ஆள் வருதுன்னு. ஆள் வரும். நான் எடுப்பேன். அடையாள அட்டையெல்லாம் கம்பெனி வேலை."

"எல்லாரும் அடுத்தவங்க வேலையத்தான் நம்பறாங்க," என்றாள் அசெனதா. "கோப்பைய வாங்கும்போது ஏதோ கூத்து பண்ணானாமே."

கொராசோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அதுவா! சிறுநீர் பிடிக்கிற கோப்பைய நீட்டினேன். பெரிய ஆளு. ரெண்டு கையையும் குழிச்சு, டொப்புன்னு ஒரு தட்டு தட்டினாரு. அப்புறம்தான் வாங்கினாரு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. உள்ள போயிட்டு வந்து நெறஞ்ச கோப்பைய எங்கிட்ட கொடுத்துட்டு, திரும்பவும் மூணு தட்டு. 'காலி'ன்னு உங்க பாஷையில சொன்னாரு. சொன்னப்புறம்தான் கையில என்னன்னு அவருக்கே உறைச்சுது. காதெல்லாம் சிவந்துபோச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. இங்க ஒரு கல்யாணத்துல யகோனா கொடுத்தாங்க பாருங்க, அன்னிக்குதான் விஷயம் தெரிஞ்சு தனியா உக்காந்து சிரிச்சேன்."

உம்லேஷ் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். சிரட்டையில் யகோனா வந்தால் ஒரு தட்டு. குடித்து முடித்தால் மூன்று தட்டு, 'காலி'. தினமும் ராத்திரி பாயில் உட்கார்ந்து குடிப்பவனுக்குக் கை தானாகத் தட்டும், மூளையைக் கேட்காது. கோப்பையில் என்ன இருக்கிறது என்று கைக்குக் கவலையில்லை.

அமினியாசியின் கை அப்படிப் பழகிய கை இல்லை. அவன் வாழ்நாளில் சிரட்டையைத் தொட்டதில்லை.

"இந்தக் கதைய நீங்க யார்கிட்ட சொன்னீங்க?" என்றாள் அசெனதா.

"யார்கிட்டயும் இல்லியே. நோயாளி விஷயத்த வெளிய சொன்னா வேலை போயிடும். இப்ப நீங்க கேட்டதாலதான்." அவள் சட்டென்று நின்றாள். "ஆமா, உங்களுக்கு யார் சொன்னா?"

அசெனதா மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே பிளாஸ்டிக் கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நீளமாக அடுக்கியிருந்தன. "இதுல கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"விருந்துக்கு."

*

காரில் ஜப்பானியப் பெண் திட்டி முடிக்கும் வரை உம்லேஷ் காத்திருந்தான்.

"முடிஞ்சுது மேடம். வந்தவன் அமினியாசி இல்ல. யகோனாக்காரன் எவனோ. விக்கர்ஸ் சொன்னது சரி. அந்தப் பொம்பளைக்கு வீடும் இல்ல, பேரும் இல்ல." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு இந்தக் கேஸே பிடிக்கல. லாரி மோதி செத்தவன் ரத்தம் ஓவா இருந்தா என்ன, பியா இருந்தா என்ன? லாரி கேட்டுட்டா மோதுச்சு?"

"அந்த ரூம்ல எத்தன பேர் இருந்தாங்க?"

"எந்த ரூம்? நர்ஸ் ரூமா? ரெண்டு. நர்ஸு, அவன்."

"நர்ஸ் யார்கிட்டயும் சொல்லல."

"சரி."

"விக்கர்ஸுக்குத் தெரியுது."

உம்லேஷ் வாயைத் திறந்தான். மூடினான். மழைத் துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

"அப்ப சொன்னது அவன்," என்றான். "விக்கர்ஸுக்குத் தெரிஞ்சவன். கோப்பைக்குக் கைதட்டின கதைய அவன்கிட்ட சொல்லிச் சிரிக்கிற அளவுக்குப் பக்கத்துல இருக்கறவன்."

"உன்ன மாதிரி லம்பாசா ஊர்க்காரனுக்கு மூளை இல்லன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் மேடம். தினமும்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி." அவன் மடியில் இருந்த கோப்பைகளைப் பார்த்தான். "விருந்து!"

*

கம்பெனிக் கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்தும் ஷெட். பாய் விரித்து மரத்தொட்டியைச் சுற்றி ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க்குகள், ஏஜென்டுகள், காவலாளி, டிரைவர். வாரம் முழுக்க மற்றவர்களின் சாவுப் பணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்கால ஓய்வு.

எல்லோரும் தரையில் சம்மணமிட்டிருக்க, விக்கர்ஸ் மட்டும் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

அசெனதா வெறுங்கையோடு போகவில்லை. முறைப்படி ஒரு பொட்டலம் யகோனா கொண்டுபோய் முன்னால் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சிரட்டை வந்தது. தட்டினாள், குடித்தாள், மூன்று தட்டினாள். உம்லேஷும். நாக்கு மரத்தது.

"நர்ஸப் பாத்தீங்களா?" என்றான் விக்கர்ஸ்.

"பாத்தோம். வந்தது அமினியாசி இல்ல."

"சொன்னேன்ல?" அவன் சுற்றிப் பார்த்தான், எல்லோரும் கேட்டார்களா என்று. "இதுக்கு மூளையே வேணாம்."

"ஆமா," என்றாள் அசெனதா. "அது தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்க."

மாடியில் தொலைபேசி அடித்தது. விக்கர்ஸ் எழுந்து போனான். சிட்னியாக இருக்கலாம். அவன் நடையில் அந்தப் பக்தி தெரிந்தது.

அவன் படியேறி மறைந்ததும் அசெனதா பையிலிருந்து கோப்பைகளை எடுத்தாள்.

"உங்க கம்பெனி உங்களுக்கே பாலிசி போடப்போகுதாம். அதனால எல்லாரும் இதுல கொஞ்சம் கொடுக்கணும்."

ஷெட்டு சிரிப்பில் அதிர்ந்தது. "எனக்குப் பெரிய கோப்பையா கொடுங்க அக்கா, நாலாவது ரவுண்டு!" என்றான் ஒருவன். "இவன் கொடுத்தா டெஸ்ட் பண்ண வேணாம் அக்கா, திரும்பவும் தொட்டியில ஊத்திடலாம்," என்றான் அவன் மச்சான்.

அசெனதா முதல் ஆளிடம் கோப்பையை நீட்டினாள். அவன் கையைக் குழித்து டொப்பென்று தட்டிவிட்டு வாங்கினான். உம்லேஷின் முதுகு நிமிர்ந்தது.

இரண்டாவது ஆளும் தட்டினான்.

மூன்றாவது ஆள் தட்டி, 'புலா!' என்று வாழ்த்துக் கத்திவிட்டு வாங்கினான். கணக்குப் பிரிவுப் பெண் தட்டினாள். காவலாளி தட்டினான். பாயில் உட்கார்ந்திருக்கும்போது கோப்பை என்று எது வந்தாலும் தட்டுவதுதான் வழக்கம். சிலர் விளையாட்டுக்குத் தட்டினார்கள், சிலருக்குத் தட்டியதே தெரியவில்லை.

உம்லேஷ் அசெனதாவின் காதருகே குனிந்தான். "மேடம், எல்லாரும் தட்றாங்க. இந்த நாட்டுல யாரு தட்ட மாட்டான்? ஒரு பேச்சுக்குப் பிரதம மந்திரிகிட்ட நீட்டினாலும் தட்டுவாரு."

"பாத்துக்கிட்டே இரு."

கடைசியாக உட்கார்ந்திருந்தவன் டிரைவர் சைலோசி. ஆறடிக்கு மேல் உயரம், குழந்தை முகம். அசெனதா கோப்பையை நீட்டினாள்.

அவன் தட்டவில்லை. கை தட்டப் போய் பாதியில் நின்றது. சூடுபட்ட பூனை அடுப்பைப் பார்ப்பதுபோல் கோப்பையைப் பார்த்தான். இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து வாங்கினான். அப்போது படியில் இறங்கி வந்த விக்கர்ஸை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சார், திரும்பவும் நானா?"

சிரிப்பு நின்றது. எங்கோ ஒரு பஸ் பிரேக் போட்டது.

"திரும்பவும்னா?" என்றாள் அசெனதா. "முதல் தடவை யாருக்குத் தம்பி?"

"ரொட்டிக்கார அமினியாசிக்கு." சைலோசி எல்லோர் முகத்தையும் பார்த்தான். எதற்கு இந்த அமைதி என்று அவனுக்குப் புரியவில்லை. "அவரோட முதல் பாட்டில டாக்டர்கிட்டேருந்து எடுத்துட்டு வந்தவன் நான்தான் அக்கா. வண்டி டிக்கில வெச்சு மறந்துட்டேன். சனி, ஞாயிறு வெயிலு, கெட்டுப்போச்சு. ரெண்டாவத சார்கிட்ட பத்திரமா கொடுத்தேன். சார் அத சாப்பாட்டு ஃபிரிட்ஜுல வெச்சாரு. யாரோ துடைக்கறப்ப எடுத்துப் போட்டுட்டாங்க. சிட்னிலேருந்து, ஏன் இவ்ளோ ஃபைல் தேங்கி நிக்குதுன்னு கேட்டு ஒரே சத்தம். சார்தான் சொன்னாரு, 'நீ தொலைச்சத நீயே ரொப்பு'ன்னு. நான் கிளினிக்குப் போய் அவர் பேர்ல ரத்தமும் கொடுத்து, கோப்பையும் ரொப்பிட்டு வந்தேன்."

"சைலோசி!" என்றான் விக்கர்ஸ்.

"ஏன் சார்? நீங்க சொன்னதத்தான சொல்றேன். கைதட்டினத சொன்னப்ப நீங்ககூட வயிறு வலிக்கச் சிரிச்சீங்களே."

அசெனதா அவன் கையிலிருந்த கோப்பையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீ கொடுத்த ரத்தத்தக் காட்டித்தான் இப்ப அமினியாசிய ஏமாத்துக்காரர்ங்கறாங்க. அவர் சம்சாரத்துக்குப் பணம் கிடையாதாம். செவ்வாய்க்கிழமை பேங்க் வீட்ட எடுத்துக்கும்."

 சைலோசியின் பெரிய உடம்பு பாயில் சின்னதாகிக்கொண்டே போனது. யாரும் தொட்டியில் கை வைக்கவில்லை. கணக்குப் பிரிவுப் பெண் தன் கோப்பையைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"மேல வாங்க," என்றான் விக்கர்ஸ்.

*

இந்த முறை உட்காரச் சொன்னான். கோட்டையும் தானே எடுத்து ஆணியில் மாட்டினான்.

"பாருங்க," என்றான். "அமினியாசி ரத்தம் இல்லங்கறது உண்மைதான? அத மட்டும் எழுதுங்க. பொய் எழுதச் சொல்லல. உண்மையில பாதி போதும்."

"அதுக்குத்தான் மலிவான ஆளாப் பாத்தீங்க," என்றாள் அசெனதா. "பாதி தூரம் போய் நின்னுடுவாங்கன்னு."

"அப்படியே பாத்தாலும் சட்டப்படி அந்த பாலிசிக்கு சரியான மெடிக்கல் கிடையாது. செல்லாது."

"அவர் ரெண்டு தடவை பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்தாரு. ரெண்டையும் தொலைச்சது நீங்க. ஆள் மாத்தினது நீங்க. பாலிசி கொடுத்தது நீங்க. விண்ணப்பம் கொடுத்த நாள்லேருந்து மாசாமாசம் பணம் வாங்கினதும் நீங்க. இத ஒரு கோர்ட்டுல நின்னு சொல்லுங்க. நான் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறேன்."

"வாடிக்கையாளருக்காகச் சொந்த ரத்தத்தையே கொடுத்த ஒரே கம்பெனி சார் உங்களது," என்றான் உம்லேஷ். "விளம்பரமே போடலாம்."

விக்கர்ஸ் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். அவன் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது. கீழே ஷெட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மச்சான்கள் எத்தனை பேர். சூவாவில் ஒரு பேச்சு ஊரைச் சுற்றிவர ஒரு யகோனாத் தொட்டி போதும்.

"நான் க்ளெயிம இப்பவே பாஸ் பண்ணிட்டா?" என்றான்.

"உங்களால முடியுமா? பரிசீலனை, சரிபார்ப்பு, சிட்னி?"

"என் கையெழுத்து போதும்."

"இத்தன நாளும் அது போதுமாத்தான் இருந்துச்சா?"

அவன் எழுந்தான். அலமாரியைத் திறந்தான். லிதியானாவின் ஃபைல் மேலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டான், முத்திரை குத்தினான், வங்கிக்கு ஒரு நகல் எடுத்தான். உம்லேஷ் அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதனின் ரத்தத்தைப் படிக்க மாதக்கணக்கில் திணறிய கம்பெனி, தன் தோலைக் காப்பாற்ற ஒரு சிகரெட் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அசெனதா காகிதங்களைப் படித்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சிட்னிக்கு என்ன எழுதுவீங்க?" என்றான் விக்கர்ஸ்.

"நடந்தத."

"என்ன? கையெழுத்துப் போட்டாச்சே! அப்புறம் எதுக்கு ரிப்போர்ட்?"

"கையெழுத்து லிதியானாவுக்கு," என்றாள் அசெனதா. "ரிப்போர்ட் உங்களுக்கு."

*

கீழே சைலோசி படியருகே நின்றிருந்தான். கையில் ஒரு பெரிய கட்டு யகோனா வேர். ஷெட்டில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியிருந்தார்கள். தவறு செய்தவன் அதைக் கொண்டுபோய், பாதிக்கப்பட்டவர்களின் வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர்கள் அதைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம்.

"இப்பவே போகணும் அக்கா. வழி காட்டுங்க."

"அவங்க ஏழாம் நாள் சபை. இத வாங்க மாட்டாங்க."

சைலோசி கட்டைப் பார்த்தான். மன்னிப்புக்கு வேறு வழி அவனுக்குத் தெரியாது.

"அப்ப எதக் கொண்டு போறது?"

"உன் வாய."

அவன் வேரை மெதுவாகப் படியில் வைத்தான். காரில் பின்சீட்டு முழுவதும் அவனே இருந்தான். நௌசோரி வரை பேசவில்லை. உம்லேஷும் பேசவில்லை. அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அசெனதாவுக்குத் தெரியும்.

சரிவில் மழை விட்டிருந்தது. சைலோசி வாசலுக்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் முட்டி போட்டு, தலையைத் தூக்காமல் சொன்னான். டிக்கி, ஃபிரிட்ஜ், கிளினிக். எதையும் விடவில்லை. மேலாளர் சொன்னார் என்பதைக்கூட ஒரு தடவைதான் சொன்னான். லிதியானா கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டும் தொலைஞ்சா மூணாவதா அவரக் கூப்பிட்டிருக்கலாமே," என்றாள். "வந்திருப்பாரே."

"தெரியும் அக்கா. தினமும் காலையில எங்க ஆபீசுக்கு ரொட்டி போட்டது அவர்தான். எங்கிட்டத்தான் கொடுப்பாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா வண்டிய நிறுத்திட்டுப் போய் கொடுத்துட்டு வந்திருப்பாரு." சைலோசி கையைத் தரையில் ஊன்றினான். "ரொட்டிக்காரன்கிட்ட போய், நாங்க தொலைச்சிட்டோம்னு சொல்றதான்னு சார் கேட்டாரு. நானும் சொல்லல. அன்னிக்குக் காலையிலகூட அவர்கிட்ட ரொட்டி வாங்கினேன்."

அசெனதா கையெழுத்தான காகிதங்களை நீட்டினாள். லிதியானா வாங்கினாள். பிரிக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

உள்பக்கம் திரும்பினாள். "பசங்களா, எல்லாரும் வெளிய வாங்க."

மூன்று பேர் வந்தார்கள். பெரியவன் கடைசியாக வந்து, அம்மாவைப் பார்க்காமல் சுவரோரம் நின்றான். அவனைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, முட்டி போட்டிருந்தவனுக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"எந்திரிக்காதீங்க," என்றாள் சைலோசியிடம். "முதல்லேருந்து சொல்லுங்க. இவன் கேக்கணும்."